சாரலுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று: சைக்ளோகிராஸ் கேள்வி-பதில்

செங்கோட்டை, தென்காசிப் பக்கமிருந்தும், மலைக்கு அந்தப்புறம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. எல்லாம் சைக்ளோகிராஸ் சைக்கிளை, அதாவது சேறு, மணல் பந்தயத்துக்கென்று செய்த சைக்கிளை, தினசரி ரோட்டில் ஓட்டுகிறவர்கள் கேட்டவை.

அண்ணாச்சி, செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு வேலைக்குப் போய்வர ஒரு சைக்ளோகிராஸ் வைத்திருக்கிறேன். அதே மாதிரி இன்னொன்று சல்லிசாக வருகிறது. "ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்ல?

வீட்டில் கேட்டது நியாயமான கேள்விதான். பந்தயக்காரர்கள் இரண்டு வைத்திருப்பது சேற்றுக்காக. பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம் குளிர்காலத்தில் புல், மணல், சேறு, படிக்கட்டு என்று ஒரு மணி நேரம் போல ஓட்டம் நடக்கும். சேறு அப்பியதும் சைக்கிளைப் பிட்டில் (சைக்கிள் மாற்றிக்கொள்ளும் இடம்) விட்டுவிட்டு, கழுவித் தயாராக நிற்கும் இன்னொன்றை எடுத்துக்கொண்டு பறப்பார்கள். அடுத்த முறை வருவதற்குள் முதல் சைக்கிளைக் கழுவி வைக்க ஆள் உண்டு. நமக்கு அந்த ஆள் இல்லை.

நமக்கு இருப்பது சாரல். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை காலையில் நனைந்த சைக்கிள் சாயங்காலம் வரை காயாது. அதோடு, புளியரை வழியாகக் கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் லாரிகள் சிந்துகிற தூள் ரோட்டில் ஈரமாகக் கிடக்கிறது. அது செயின் எண்ணெயோடு சேர்ந்தால் அம்மியில் அரைத்த விழுதுதான். செயினையும் கேசட்டையும் (பின்சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து) பல் பல்லாகத் தின்னும். ஆகவே மட்கார்டு நிரந்தரமாகப் பூட்டிய சாரல் சைக்கிள் ஒன்று, மட்கார்டு இல்லாத வெயில் சைக்கிள் ஒன்று என்றால் இரண்டுக்கும் வேலை இருக்கிறது. சீசனுக்குச் சீசன் கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் கழற்றி நான் பார்த்ததில்லை.

காசு கொடுக்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். பின் அச்சுக்குப் பக்கத்திலும் முன் ஃபோர்க்கின் நுனியிலும் மட்கார்டு போல்ட்டுக்குத் துளை இருக்கிறதா? பல பந்தய மாடல்களில் இருக்காது. அப்புறம், ஏறி உட்கார்ந்து பெடலை முன்பக்கம் படுக்கையாக நிறுத்தி, ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். ஷூ நுனி டயரை உரசுகிற மாதிரி வந்தால், மட்கார்டு பூட்டியபின் நிச்சயம் இடிக்கும். வேகத்தில் தெரியாது; சந்தில் மெதுவாகத் திரும்பும்போதுதான் கீழே போடும்.

இவற்றைவிட முக்கியமானது, இரண்டுக்கும் ஒரே உதிரிப்பாகம் பொருந்துகிறதா என்பது. செயின், கேசட், பிரேக் பேட், டயர் எல்லாம் மாற்றிப் போட்டுக்கொள்ள முடிந்தால் வாங்குங்கள். ஒன்று 10 ஸ்பீடு, மற்றது 11 ஸ்பீடு என்றால் சல்லிசாக வந்தாலும் விட்டுவிடுங்கள். இந்த ஊரில் கடையில் போய் உடனே வாங்கக்கூடிய சாமான் இல்லை இது.

இன்னொரு சைக்கிளுக்குப் பதிலாக இன்னொரு ஜோடி வீல் வாங்கினால் போதாதா? (தென்மலை வாசகர்)

பாதிப் பேருக்கு இதுவே போதும். பந்தயத்தில் டயர் 33 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதி. சேறு அடைக்காமலிருக்க ஃபிரேமில் அதற்கு மேலும் இடம் விட்டிருப்பார்கள். ஒரு ஜோடியில் 32 மி.மீ. வழவழப்பான டயர், இன்னொன்றில் பட்டன் டயர் (குமிழ் குமிழாக இருப்பது) என்று வைத்துக்கொள்ளலாம். பட்டன் டயரோடு தார் ரோட்டில் போனால் 'உர்ர்' என்று இரைச்சல், திருப்பத்தில் நெளிவு, சீக்கிரம் தேய்மானம். தினமும் ரோடு என்றால் அது வேண்டாம்.

வீல் மாற்றுவதில் தொல்லை மூன்று. முதலில் அச்சு: பழைய டிஸ்க் பிரேக் ஃபிரேம்களில் பின்னால் 135 மி.மீ. விரைவுப் பூட்டு (குயிக் ரிலீஸ்), புதியவற்றில் 142 மி.மீ. துளை அச்சு (த்ரூ ஆக்சில்). அளக்காமல் வாங்காதீர்கள். அடுத்தது டிஸ்க் தட்டு. இரண்டு வீலிலும் தட்டு மயிரிழை தள்ளி இருந்தாலே பேடில் உரசிக் கத்தும். தட்டுக்கு அடியில் போட மெல்லிய வாஷர்கள் கிடைக்கின்றன; உள்ளே தள்ளி நிற்கிற தட்டுக்குப் போட்டுச் சரிக்கட்டலாம்.

மூன்றாவதுதான் எல்லாரும் கவனிக்காமல் விடுவது. புது செயின் தேய்ந்த கேசட்டில் வழுக்கும். ஸ்டீல் ஸ்கேல் எடுத்து, செயினின் ஒரு பின் (இணைப்பு ஆணி) நடுவிலிருந்து 12 அங்குலம் வையுங்கள். செயின் புதிதாக இருந்தால் 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் சரியாக விழும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். இரண்டு கேசட்டும் ஒரே செயினோடு ஓடித் தேய வேண்டும் என்பதால், வீல்களை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

ஆரியங்காவில் இருக்கிறேன். பழைய கான்டிலீவர் பிரேக் (ரிம்மை இருபுறமும் கட்டை பிடிக்கும் வகை) சைக்கிள். கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு 'எஸ்' வளைவில் இறங்கும்போது மழையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. முன்பக்கம் நடுங்கவும் செய்கிறது.

சைக்ளோகிராஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது 2010-இல். அதனால் அதற்கு முந்தைய சைக்கிள்கள் பெரும்பாலும் கான்டிலீவரோடு குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் கேபிள் தாங்கி. அது மேலே ஹேண்டில் பக்கம் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் வளைந்து கேபிளைத் தானே இழுக்கும். பிரேக் இன்னும் கடிக்கும், விடும், கடிக்கும். ஃபோர்க்கிலேயே பூட்டுகிற தாங்கிக்கு மாற்றினால் அடங்கும். பிரேக் கட்டையின் முன்நுனி ரிம்மை முதலில் தொடுமாறு துளி சாய்த்து வையுங்கள்.

பிடிப்புக்குக் கை குட்டையான வி-பிரேக் (மினி-வி) போடலாம். டிராப் ஹேண்டில் (கீழே வளைந்த ஹேண்டில்பார்) லீவருக்கு அதுதான் ஒத்துவரும். முழு நீள வி-பிரேக் ஒத்துவராது. கட்டையில் பதிந்த அலுமினியத் துணுக்குகளை ஊக்கால் நோண்டி எடுங்கள், இல்லாவிட்டால் ரிம்மை அறுக்கும். ஆனாலும் மழையில் ரிம் பிரேக் முதல் சுற்றில் தண்ணீரைத்தான் துடைக்கும். பின்னால் கல் லாரி வருகிற அந்த இறக்கத்துக்கு நான் டிஸ்க் சைக்கிளைத்தான் சொல்வேன். இவர் விஷயத்தில் இரண்டாவது சைக்கிள் வீண் செலவில்லை. பழையதைச் சமவெளிக்கு வைத்துக்கொள்ளட்டும்.

முன்னால் ஒற்றை 40 பல். ரோட்டுக்குப் போதுமா?

போதும். பின்னால் 11 பல்லில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 42 கி.மீ. வரும். ஆடிக் காற்றை எதிர்த்துச் செங்கோட்டைப் பக்கம் திரும்பும்போது அந்தப் பல்லைத் தொடவே மாட்டீர்கள்.

இரண்டு சைக்கிளுக்கும் ஒரே பிரேக் ஆயில் போடலாமா?

ஷிமானோ என்றால் மினரல் ஆயில். ஸ்ராமின் பெரும்பாலான ரோடு பிரேக்குகளுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே சீல் கெடும், பிரேக் போய்விடும். டாட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால், திறந்த பாட்டிலை அடுத்த சீசனுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

ஒரு சைக்கிளில் வலியே தெரியவில்லை, மற்றதில் ஏறினால் முழங்கால் வலிக்கிறது.

சீட் உயரம் வேறாக இருக்கும். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயருக்கு டயர் மாறும். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயை ஒட்டியே சீட்டின் மேல்பக்கம் வரை அளந்து, இரண்டிலும் ஒன்றாக்குங்கள். அப்புறம் சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் வரை. கிராங்க் நீளம் அதன் உள்பக்கத்தில் மி.மீ.யில் பொறித்திருக்கும், 170, 172.5 என்று வேறாக இருந்தால் நீளமான கிராங்க் உள்ளதில் சீட்டை அந்த இரண்டரை மி.மீ. இறக்குங்கள். பெடலும் ஒரே ரகமாக இருக்கட்டும். சரியான உயரம் கிடைத்ததும் சீட் போஸ்டில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், வீட்டில் பையன் இறக்கி ஓட்டினாலும் திரும்ப அளக்க வேண்டியதில்லை.