கறுப்பு முடிக்கு வீட்டிலேயே ஹைலைட் போடலாமா, சலூனுக்குத்தான் போக வேண்டுமா? (யாழ்ப்பாணம்)

போடலாம். ஆனால் முகத்தை ஒட்டிய நாலைந்து மெல்லிய கீற்றுகளோடு நிறுத்துங்கள். பின்தலைக்குச் சலூன்தான் சரி.

கறுப்பு முடியில் வெறும் சாயம் எடுபடாது, முதலில் பிளீச் வேண்டும். பிளீச் பவுடரோடு 20 வொலியூம் டெவலப்பர், அதாவது 6% ஹைட்ரஜன் பெராக்சைட், போதும். முடி சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று படிப்படியாகத்தான் வெளுக்கும். செம்மஞ்சளைக் கண்டதும் பலர் பயந்துவிடுவார்கள். அது பாதிவழி, பிழையில்லை. அதோடு கழுவி, நீலச் சாயல் டோனர், அதாவது வெளுத்த முடியின் நிறத்தைச் சரிசெய்யும் சாயம், போட்டால் நல்ல மண்ணிறம் வரும். நம் நிறத்துக்கு அதுதான் எடுப்பு என்பேன்.

பாக்கெட் மருதோன்றி போட்ட தலையென்றால் கவனம். சிலதில் உலோக உப்பு கலந்திருக்கும். பெராக்சைட் பட்டதும் சூடேறி முடி அறுந்து போகலாம். சீப்பில் வந்த முடியில் முதலில் பிளீச்சைப் பூசிப் பாருங்கள். ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க, டோனரைக் காதுக்குப் பின்னால் தடவி 48 மணித்தியாலம் பொறுப்பதும் அவசியம்.

அப்புறம் தண்ணீர். நம்முடையது சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினம். உப்புப் படிந்து நிறம் மங்கும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஒரு வாளி எடுத்து வையுங்கள். துவாய் பழையதாக இருக்கட்டும்.