மூன்று வரியாகச் சுருங்கிய கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் தெருவிலுள்ள நகராட்சித் தொடக்கப்பள்ளியின் வாசலில், ஒரு மணி நேர மழைக்கே முழங்கால் அளவு நீர் தேங்குகிறது. பள்ளிச் சுவரை ஒட்டிய வடிகாலில், சிறுபாலத்துக்கு அடியில் ஏறத்தாழ இருபது அடிக்கு மண் அடைத்துக் கிடப்பதே காரணம். இது குறித்து நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களுக்கு இரண்டு ஆண்டுகளில் ஆறு கடிதங்கள் எழுதினேன். ஒன்றுதான் வெளியானது, அதுவும் மூன்று வரியாக வெட்டப்பட்டு. அதன் மூலப் பிரதியை இணைத்துள்ளேன். பாரதியே பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் என்று படித்திருக்கிறேன். இன்று அந்த வடிவத்துக்கு ஏதேனும் வலிமை மிச்சம் இருக்கிறதா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

பிரதியை இருமுறை படித்தேன். ‘சுதந்திரம் அடைந்து இத்தனை ஆண்டுகளாகியும்’ என்று தொடங்கி, ஊழல், மக்களின் பொறுப்பின்மை, நடைபாதைக் கடைகள் என்று சுற்றிவிட்டுப் பதினோராவது வரியில்தான் பள்ளி வாசலுக்கு வந்து சேர்கிறீர்கள். ‘உரியவர்கள் உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று முடிக்கிறீர்கள். நாளிதழின் உதவி ஆசிரியர் உங்களுக்கு அநீதி இழைத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் வெட்டிய வரிகள் எந்த ஊரிலிருந்து வரும் கடிதத்துக்கும் பொருந்தும். விட்டுவைத்த மூன்று வரிகள்தாம் உங்கள் தெருவுக்கு மட்டும் உரியவை.

அந்த ‘உரியவர்கள்’ யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தெருவில் நிற்கும் தண்ணீர் எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் எழுதினால் இரண்டு அலுவலகங்களும் மற்றதைக் கைகாட்டிவிடலாம். சிறிய ஊர்களிலும் ஊருக்குள் ஓடும் பெரிய சாலை பல இடங்களில் நகராட்சியுடையது அன்று, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. நானே ஒருமுறை எங்கள் ஊர்ச் சாலைப் பள்ளங்களைப் பற்றி மிகுந்த ஆவேசத்தோடு எழுதி, அதை நாளிதழும் முழுமையாக வெளியிட, பத்தாம் நாள் நகராட்சியிடமிருந்து ‘மேற்படி சாலை இவ்வலுவலகப் பராமரிப்பில் இல்லை’ என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. ஆவேசம் வீணானதைவிட, என் கடிதம் அவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதுதான் உறுத்தியது.

பாரதியைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் இருந்த காலத்தில் அவர் ‘தி இந்து’ நாளிதழுக்குக் கடிதங்கள் எழுதியது உண்மை. அவற்றை அவர் ஆங்கிலத்தில் எழுதினார் என்பதையும் கவனியுங்கள். தமிழில் எழுதுவதற்கு அவருக்கு என்ன குறை? அவர் அசைக்க விரும்பியவர்கள் படித்த மொழி அது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தையும் ஊரே படிக்கலாம். ஆனால் அது அசைக்க வேண்டியவர் ஒருவர்தான். வடிகாலைத் தூர்வார ஆளும் வண்டியும் அனுப்பும் அதிகாரமுள்ள நகராட்சிப் பொறியாளர். மாவட்டத்தில் துறைகளைப் பற்றி வரும் செய்திகளைக் கத்தரித்து ஆட்சியரின் பார்வைக்கு வைக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படி மேலிருந்து கேள்வி வரும்போது பொறியாளர் ‘பார்த்தேன், முடித்துவிட்டேன்’ என்று சொல்லக்கூடிய அளவிலான ஒரு வேலையைக் கடிதம் கேட்டிருக்க வேண்டும். ஊழலை ஒழிக்கும்படி அவரிடம் கேட்டால் அவர் என்ன செய்வார்? இருபது அடி மண்ணை அள்ளச் சொன்னால், ஒன்று அள்ள வேண்டும், அல்லது ஏன் அள்ளவில்லை என்று சொல்ல வேண்டும்.

நடைபாதைக் கடைகளைப் பற்றிய பத்தியை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். குப்பை அவர்களால் சேருகிறது என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஊகத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கும் அந்தத் தெருவில் உரிமைகள் உண்டு. அதைவிட, அந்தப் பத்தி வெளியாகியிருந்தால், முழங்கால் தண்ணீரில் கடை போடும் அந்த அம்மாக்கள், உங்களோடு கையெழுத்திட வேண்டியவர்கள், மறுநாளே உங்களுக்கு எதிராக நின்றிருப்பார்கள். ‘கமிஷன் வாங்கிய அதிகாரிகள்’ என்ற வரியும் வேண்டாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் அவதூறு இன்றும் குற்றம்தான். ஆதாரமில்லாத அந்த ஒரு வரிக்காகக் கடிதம் முழுவதையும் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

உங்களிடம் இல்லாத ஒன்று, அந்த வடிகால் கடைசியாகத் தூர்வாரப்பட்ட தேதி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தேதியோடு செலவான தொகையையும் கேளுங்கள். ‘பல ஆண்டுகளாகத் தூர்வாரவில்லை’ என்பதை மறுத்துவிடலாம், அவர்களே எழுதிக் கொடுத்த தேதியை மறுக்க முடியாது.

அதன்பின் கடிதம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

‘எங்கள் தெரு நகராட்சித் தொடக்கப்பள்ளி வாசலில், ஒரு மணி நேர மழைக்கே முழங்கால் அளவு நீர் தேங்குகிறது. பள்ளிச் சுவரை ஒட்டிய வடிகாலில், சிறுபாலத்தின் கீழ் இருபது அடி நீளத்துக்கு மண் அடைத்துள்ளது. இவ்வடிகால் கடைசியாக இன்ன தேதியில் தூர்வாரப்பட்டதாக நகராட்சியே தெரிவித்துள்ளது. அக்டோபரில் பருவமழை தொடங்கும் முன் இந்த இருபது அடியை மட்டுமாவது தூர்வாரித் தருமாறு நகராட்சிப் பொறியாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.’

கோரிக்கை கடைசியில் இருக்கிறதே, வெட்டிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். நான்கு வாக்கியத்தில் வெட்ட அதிகம் இல்லை. ஆயினும் அஞ்சினால் அதை இரண்டாவது வாக்கியமாக வையுங்கள்; எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. தெருவின் முழுப் பெயர், உங்கள் முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இல்லாமல் அனுப்பாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்களே என்பதால், அவர்களின் கையெழுத்தும் சேர்ந்தால் அது ஓய்வுபெற்ற ஒருவரின் மனக்குறையாகத் தெரியாது. (நீங்கள் ஓய்வுபெற்றவர் என்று உங்கள் கையெழுத்தின் அழகிலிருந்து ஊகித்தேன், தவறானால் மன்னியுங்கள்.)

உங்கள் ஆறு கடிதங்களில் நான்கு நவம்பரில் எழுதப்பட்டவை. தண்ணீர் நிற்கும்போதுதான் கோபம் வரும், ஆனால் நிற்கிற தண்ணீரில் யாரும் தூர்வார மாட்டார்கள். இது ஜூலை. தகவல் மனுவை இந்த வாரமே விரைவுத் தபாலில் அனுப்பினால், பதில் வந்தபின் செப்டம்பர் முதல் வாரத்தில் கடிதத்தை அனுப்பலாம். வெளியானால், நாளிதழின் பெயரும் தேதியும் தெரியும்படி நகலெடுத்து, ஒரு மனுவோடு நகராட்சி ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து, மறவாமல் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வெளியாகாவிட்டாலும் மனுவைக் கொடுங்கள்.