எகானமி வரிசை ஓய்வு இருக்கை ஆகுமா?

கேள்வி: ஐரோப்பிய விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானி வேலை, ஏஜென்சி மூலம் வந்திருக்கிறது. 12 மணி நேரப் பயணத்துக்கு மூன்று விமானிகள், நடுவானில் மாறி மாறி ஓய்வெடுக்க வேண்டும். "எகானமி கடைசி வரிசை முழுக்க உங்களுக்குத்தான், படுத்துக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜென்ட். இது செல்லுமா?

பதில்: செல்லாது. ஐரோப்பிய விதியில் ஓய்விடம் மூன்று வகை. கடைசி வகைக்கே இருக்கை 40 டிகிரி சாய வேண்டும், காலுக்கும் பாதத்துக்கும் தாங்கல் வேண்டும், திரை வேண்டும், பக்கத்து இருக்கையில் பயணி இருக்கக் கூடாது. எகானமி இருக்கை அவ்வளவு சாயாது. கைப்பிடியைத் தூக்கிவிட்டு மூன்று சீட்டில் சுருண்டு படுப்பதை விதி கணக்கில் எடுக்காது.

இதில் ஏன் இத்தனை கெடுபிடி? அந்த இருக்கையைக் காட்டித்தான் உங்கள் பணி நேரத்தை நீட்டுகிறார்கள். கூடுதலாக ஒரு விமானி இருந்தால், கடைசியான மூன்றாம் வகைக்கு 14 மணி நேரம் வரை, இரண்டாம் வகைக்கு 15, முதல் வகையான தனி அறைப் படுக்கைக்கு 16.

ஏஜென்ட் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆள் சேர்ந்தால் அவருக்குக் கமிஷன். நடுவானில் கண் சொருகப்போவது உங்களுக்கு. "பிசினஸ் கிளாஸ் சீட்" என்று எழுதித் தந்தாலும் போதாது. எந்த விமானத்தில், எந்த இருக்கை, எந்த வகை என்று ஆப்பரேஷன்ஸ் மேனுவலில் (நிறுவனத்தின் இயக்க விதிக் கையேடு) இருக்கும் பக்கத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் விலகிவிடுங்கள்.

ஓய்வு நேரம் ஒவ்வொருவருக்கும் தொடர்ச்சியாக 90 நிமிடம். தரையிறக்கும்போது கட்டுப்பாட்டில் இருக்கும் இருவருக்கு மட்டும் தொடர்ச்சியாக 2 மணி. ஒரு மணி, ஒரு மணி என்று பிரித்துத் தந்தால் அது 2 மணி ஆகாது. 90 நிமிடம் மட்டும் ஓய்வெடுத்தவரைக் கடைசி நேரத்தில் தரையிறக்கும் இருக்கைக்கு மாற்றவும் கூடாது. அதனால் யார் இறக்குவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள்.

டிகிரியை அளக்கிற இந்த விதி, நீங்கள் தூங்கினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கழிவறைக் கதவோரம் திரை போட்டாலும் தாளில் அது ஓய்விடம்தான். எத்தனை ஆண்டுகள் இப்படியே ஓட்டுவார்கள்?

ஏறியதும் இருக்கையைச் சாய்த்துப் பாருங்கள். கால்தாங்கி உடைந்திருந்தால் அந்த வகை போயிற்று, கூடுதல் மணி நேரமும் போயிற்று. கிளம்பும் முன்பே கேப்டனிடம் சொல்லி, பதிவேட்டில் எழுத வையுங்கள்.