இங்கிலாந்துக்குப் போகிறோம், பிள்ளைகளை எந்த ஸ்கூலில் சேர்ப்பது?

கொட்டகலையிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நேர்ஸ். இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து 2026 பெப்ரவரியில் புறப்படுகிறார். கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் டிபெண்டன்ட் விசா. மூத்தவன் 2018 நவம்பரில் பிறந்தவன், இங்கே இருந்தால் ஜனவரியில் தரம் 3க்குப் போவான். சின்னவள் 2021 ஜூன், நேர்சரியில் இருக்கிறாள். அவர் கேட்பது இதுதான்: "டீச்சர், நல்ல ஸ்கூல் எது என்று இங்கே இருந்துகொண்டே எப்படிப் பார்ப்பது? ஏஜென்ட் ஒருவர் காசு கட்டினால் இடம் புக் பண்ணித் தருகிறேன் என்கிறார். மகனை இயர் 2ல்தான் போடுவார்களாம், ஒரு வருஷம் வீணாகிவிடுமா? இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் வராது, அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை."

தங்கச்சி, முதல் வேலையாக அந்த ஏஜென்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். இங்கிலாந்தில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பும் இலவசம், அனுமதியும் இலவசம், அந்த இடத்தை விற்கவோ பிடித்து வைக்கவோ வெளியாள் யாருக்கும் அதிகாரம் இல்லை. விண்ணப்பம் அந்த ஊர் கவுன்சிலுக்கு (நம்ம பிரதேச சபை மாதிரி) போகும், சில பள்ளிகளுக்கு நேராகப் பள்ளிக்கே போகும், பெரும்பாலான கவுன்சில்கள் அங்கே உங்களுக்கு ஒரு விலாசம் இருந்தால்தான் அதைக் கையிலேயே எடுக்கும். அப்படியிருக்க ஹட்டனில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் எதைப் புக் பண்ண முடியும்?

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பதினொரு வருஷம் முதலாம் தரம் படிப்பித்தேன். அப்புறம் இங்கிலாந்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் எட்டு வருஷம், ஆங்கிலம் தெரியாமல் வந்து சேரும் பிள்ளைகளோடுதான் என் வேலை. நம்ம பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் முக்கால்வாசிப் பேர் செய்த தப்பு ஒன்றுதான்: முதலில் ஒரு வீட்டைப் பிடித்து அட்வான்ஸ் கட்டிவிடுவார்கள், அப்புறம்தான் பக்கத்துப் பள்ளியில் இடம் இல்லை என்று தெரியும், அண்ணன் ஒரு பள்ளி, தங்கை ஒரு பள்ளி, இரண்டுக்கும் நடுவில் இரண்டு பஸ். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரியை வைத்துத் தொடங்குங்கள். அங்கிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இரண்டு மூன்று பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் வருஷ நடுவில் சேர்வதற்கான பகுதி இருக்கும், எந்தப் பள்ளிக்கு யாரிடம் விண்ணப்பிப்பது என்று அதில் போட்டிருப்பார்கள். ரிசெப்ஷன் என்ற வகுப்பிலும் (இயர் 1க்கு முந்தியது, சின்னவளுக்கு அதுதான்) மகனுக்கான இயர் 2விலும் எங்கே இடம் இருக்கிறது என்று அவர்களுக்கே ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். ஏன் இந்த இரண்டையும் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 மூன்றிலும் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்று சட்டமே இருக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு, மற்றபடி 30 நிரம்பிவிட்டால் அதிபருக்கு எவ்வளவு மனசு இருந்தாலும் 31ஆவது பிள்ளையை எடுக்க வழியில்லை. நல்ல காலம், பிறப்பு குறைந்து வருவதால் இப்போது நிறைய ஆரம்பப் பள்ளிகளில் கதிரைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. இடம் இருக்கும் பள்ளிகளை முதலில் தெரிந்துகொண்டு, அதில் பிடித்ததற்குப் பக்கத்தில் வீடு தேடுங்கள்.

பெயரைப் பார்க்கும்போது ஒரு விஷயம் கவனம். 'பிரைமரி' என்று இருந்தால் ரிசெப்ஷனிலிருந்து இயர் 6 வரை ஒரே பள்ளி. 'இன்ஃபண்ட்' என்று இருந்தால் இயர் 2வோடு முடிந்துவிடும், இயர் 3க்கு வேறொரு 'ஜூனியர்' பள்ளிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், செப்டெம்பர் அனுமதிக்கு அதன் கடைசித் திகதி ஜனவரி 15. நீங்கள் போய் இறங்குவதற்கு முன்பே அது தாண்டிவிடும். உங்கள் மகன் பெப்ரவரியில் இன்ஃபண்ட் பள்ளியில் சேர்ந்து, இரண்டு கூட்டாளிகளைப் பிடித்து, ஜூலையில் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டி வரும். அதனால் பிரைமரியாகவே பாருங்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நால்வரும் ஒன்றாகப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளிநாட்டு நேர்ஸ்மாருக்கு அங்கே போனதும் நேர்ஸாகப் பதிவதற்கு ஓஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை இருக்கிறது, ஆரம்பத்தில் ஆஸ்பத்திரி கொடுக்கும் தங்குமிடமும் பெரும்பாலும் ஒற்றை அறைதான். நீங்கள் முன்னால் போய், பரீட்சையை முடித்து, லீவு நாட்களில் பள்ளிகளை நேரில் பார்த்து, வீடு பிடித்து, இரண்டு மூன்று மாதத்தில் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டால் உங்களுக்கும் நிதானம், பிள்ளைகளுக்கும் நிதானம். பிரிந்திருப்பது கஷ்டம்தான், அம்மா கூட இல்லாத அந்த மாதங்களை லேசாகச் சொல்லவில்லை. ஆனால் பெட்டியும் கையுமாக ஒற்றை அறையில் நாலு பேர் இருந்துகொண்டு பள்ளி தேடிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் போனால் 10 பாடசாலை நாட்களுக்குள் பதில் தரப் பார்ப்பார்கள், எப்படியும் 15 பாடசாலை நாட்களுக்குள் எழுத்தில் தந்தாக வேண்டும். முடியாது என்று வந்தால் மேன்முறையீடு செய்யலாம், ஆனால் அந்த 30 பேர் சட்டத்தால் சின்ன வகுப்புகளில் அது வெல்வது அபூர்வம். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, விரும்பிய பள்ளியின் காத்திருப்புப் பட்டியலிலும் பெயரைப் போட்டு வையுங்கள். ஒரு பிள்ளை உள்ளே போய்விட்டால் கூடப் பிறந்ததற்குப் பல பள்ளிகள் முன்னுரிமை கொடுக்கும். கத்தோலிக்கப் பள்ளி பக்கத்தில் இருந்தால் நமக்குக் கிடைக்காது என்று விட்டுவிட வேண்டாம், இடம் காலியாக இருந்தால் எந்தச் சமயத்துப் பிள்ளையையும் அவர்கள் எடுக்கத்தான் வேண்டும். நீங்கள் கத்தோலிக்கர் என்றால் ஞானஸ்நான அத்தாட்சியைக் கையோடு கொண்டு போங்கள். காசு கட்டும் தனியார் பள்ளி தேவையே இல்லை. இங்கே ஆங்கிலத்துக்காக இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கு ஓடுகிறோம், அங்கே அரசாங்கப் பள்ளியில் எல்லாமே ஆங்கிலம்தானே. போதாததற்கு 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 வீதம் வாட் வேறு.

சரி, அந்த 'ஒரு வருஷம் வீண்' கதைக்கு வருவோம். அங்கே வகுப்பைத் தீர்மானிப்பது பொதுவாகப் பிறந்த திகதிதான், செப்டெம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. உங்கள் மகன் 2018 நவம்பர், அதனால் இயர் 2. ஆனால் அங்கே இயர் 1க்கு முன்னால் ரிசெப்ஷன் என்று ஒரு முழு வருஷம் இருக்கிறது. ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 என்று விரல் விட்டு எண்ணுங்கள், அது மூன்றாவது வருஷம். இங்கே தரம் 3உம் மூன்றாவது வருஷம்தானே. செப்டெம்பரில் அவன் தானாகவே இயர் 3க்குப் போய்விடுவான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் மாதிரி பிள்ளையைப் பிழியும் பரீட்சையும் அங்கே பெரும்பாலான இடங்களில் இல்லை. இயர் 6ல் ஒரு தேசியப் பரீட்சை உண்டு, அதை வைத்து அடுத்த பள்ளி முடிவாவதில்லை. கணக்கில் நம்ம பிள்ளைகள் பெரும்பாலும் முன்னால்தான் நிற்பார்கள், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

சின்னவள் ரிசெப்ஷன். அவளுக்கு ஐந்து வயது ஜூனில்தான் முடிகிறது, சட்டப்படி 2026 செப்டெம்பரில்தான் பள்ளி கட்டாயம். இருந்தாலும் இடம் கிடைத்தால் உடனே போடுங்கள். ரிசெப்ஷனில் மண்ணும் தண்ணீரும் கட்டைகளும் வைத்து விளையாடித்தான் படிப்பிக்கிறார்கள், மொழி தெரியாத பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அடுத்த வருஷம் நேராக இயர் 1ல் மேசையில் உட்கார வைத்தால்தான் திணறுவாள். பகல் சாப்பாடு ரிசெப்ஷனிலிருந்து இயர் 2 வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசம், விசா எதுவாக இருந்தாலும்.

'நல்ல ஸ்கூல்' எது என்று கேட்டீர்கள். பள்ளிகளைச் சோதனை போடும் ஒஃப்ஸ்டெட் முன்பு ஒரே சொல்லில் தரம் கொடுத்தது, 'அவுட்ஸ்டாண்டிங்' என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே சனம் வீடு மாறியது. 2024 செப்டெம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள், 2025 நவம்பரிலிருந்து ஒவ்வொரு அம்சத்துக்கும் தனித்தனியாக மதிப்பிட்டு அறிக்கை தருகிறார்கள். எல்லோரையும் அரவணைப்பதைப் பற்றிய பகுதி ஒன்று அதில் இருக்கும், உங்களுக்கு முக்கியம் அதுதான். பழைய அறிக்கையோ புதியதோ வாசியுங்கள், ஆனால் அதோடு நிற்காமல் பள்ளிக்கு போன் எடுத்து, வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அப்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "கடைசியாக ஆங்கிலம் தெரியாமல் வந்த பிள்ளைக்கு முதல் வாரம் என்ன செய்தீர்கள்?" ஒரு நல்ல பள்ளி யோசிக்காமல் சொல்லும். ஒரு கூட்டாளியைச் சேர்த்துவிட்டோம், கழிப்பறை, தண்ணீர், வலி என்று படம் போட்ட அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டோம், தினமும் பத்து நிமிஷம் ஒருவர் தனியாக உட்கார்ந்தார் என்று விவரமாக வரும். "எல்லாரும் சீக்கிரம் பழகிவிடுவார்கள்" என்று சிரித்துவிட்டு அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

உங்கள் ஷிஃப்டையும் மறக்க வேண்டாம். நேர்ஸுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பள்ளியோ ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன் தொடங்கி மூன்றேகால் போல விட்டுவிடும். இங்கே பக்கத்து லயத்து அக்காவோடு நடந்து வந்துவிடுவார்கள், அங்கே எழுதிக் கொடுத்த பெரியவர் வாசலில் நின்றால்தான் பிள்ளையைக் கையில் விடுவார்கள். கணவரும் வேலைக்குப் போவார் என்றால் காலையிலும் மாலையிலும் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் கிளப் அந்தப் பள்ளியில் இருக்கிறதா, எத்தனை மணி வரை, நாளுக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்க வேண்டும். சில பள்ளிகளை இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவிட வேண்டி வரும். பள்ளி நடக்கும் நாட்களில் தேர்த் திருவிழாவுக்கு இரண்டு வாரம் ஊருக்கு வருவதும் நடக்காது. அனுமதி இல்லாமல் ஐந்து நாள் நின்றாலே ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண் அபராதம் வரலாம், 21 நாளில் கட்டாவிட்டால் 160. ஆகஸ்டில் நீண்ட விடுமுறை இருக்கிறது, அப்போது வாருங்கள்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம், இங்கிலீஷ். வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலம் பள்ளியில் தானாக வரும். வந்த புதிதில் பிள்ளை வாயே திறக்காமல் சில வாரம், சில வேளை சில மாதம்கூட இருக்கும். நான் பார்த்த ஒரு பையன் நாலு மாதம் ஒரு சொல் பேசவில்லை, அம்மா அழாத நாள் இல்லை. ஒரு நாள் பென்சில் கூர் ஆக்கிக்கொண்டிருந்தான், பக்கத்தில் இருந்தவன் வரிசை தாண்டி கையை நீட்டினான், "வெயிட், இட்ஸ் மை டர்ன்" என்றான் முழு வாக்கியமாக. அவ்வளவு நாளும் எல்லாவற்றையும் கேட்டு உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். பெற்றோர் பயந்துபோய் வீட்டிலும் அரைகுறை ஆங்கிலத்துக்கு மாறியதால் இரண்டு மொழியிலும் கதை சொல்லத் தெரியாமல் போன பிள்ளைகளும் உண்டு, அதுதான் எனக்கு மனவருத்தம். பொகவந்தலாவையில் இருக்கும் அப்பாயியோடு போனில் எந்த மொழியில் பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரவில் தமிழில் கதை வாசியுங்கள், தமிழில் சண்டை பிடிக்கட்டும். ஒன்று மட்டும்: தமிழிலேயே பேச்சு தாமதமாக இருந்த பிள்ளை என்றால் அதை மறைக்காமல் பள்ளிக்குச் சொல்லிவிடுங்கள்.

கொண்டு போக வேண்டியவை அதிகம் இல்லை. பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், தேர்ச்சி அறிக்கை, கிளினிக் கொப்பி. தடுப்பூசி போட்டால்தான் பள்ளி என்று அங்கே இல்லை, ஆனால் டொக்டரிடம் பதியும்போது கிளினிக் கொப்பி இருந்தால் போட்ட ஊசியைத் திரும்பப் போட மாட்டார்கள். பெயரை எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், எது பிள்ளையின் பெயர், எது அப்பாவின் பெயர் என்பதில் கவனம். நம்ம பக்கத்துச் சிறுமி ஒருத்தி முதல் வாரம் முழுக்க இடாப்பு கூப்பிடும்போது பேசாமல் உட்கார்ந்திருந்தாள். காது கேட்கவில்லையோ என்று ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் படிவத்தில் இடம் மாறி எழுதி, ஐந்து நாளும் அவளுடைய அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வழக்கமாகக் கூப்பிடும் பெயர் என்று ஒரு கட்டம் படிவத்தில் இருக்கும், வீட்டில் கூப்பிடும் பெயரை அதில் எழுதுங்கள்.

அப்புறம் புறப்படும் முன் ஒரு தாளில் பத்துச் சொல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணி, பசிக்குது, வலிக்குது, குளிருது, ஒண்ணுக்கு வருது, அம்மா எப்ப வருவாங்க. ஒவ்வொன்றையும் உச்சரிப்பு தெரிகிற மாதிரி ஆங்கில எழுத்தில் எழுதி, எதிரில் அர்த்தம். முதல் நாள் வகுப்பாசிரியையின் கையில் அதைக் கொடுங்கள். சின்னவளுக்கு ஒன்று, மூத்தவனுக்கு ஒன்று.