மகள் அணுமின் துறைக்குப் போகலாமா? வள்ளியூர் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் உங்கள் கடிதத்தையும் படித்தேன். கணிதத்திலும் இயற்பியலிலும் நன்றாகவே வாங்கியிருக்கிறாள். மெக்கானிக்கல் படித்து அணுமின் துறைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்பது உங்கள் முடிவு. இதனால் வீட்டில் இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு அதிக வருத்தம். கலந்தாய்வில் பிரிவைத் தேர்வு செய்வதற்குள் அந்த மௌனம் கலைய வேண்டும்.

உங்கள் கவலைகள் மூன்று. கதிர்வீச்சு பிள்ளையின் உடம்பைக் கெடுக்குமோ என்பது ஒன்று. சூரிய மின்சாரம் இவ்வளவு மலிந்த பிறகு அணுமின்சாரம் யாருக்கு வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது, படித்தால் வேலை கிடைக்குமா. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். எந்தப் பிரிவு என்ற கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

ஆடி மாதத்தில் பணகுடியிலிருந்து முப்பந்தல் வரை காற்றாலைகள் சுற்றும் வேகத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றுப் பருவம் முடிந்ததும் அவற்றில் பல சும்மா நிற்பதையும் நீங்கள் பார்க்கிறீர்கள். சூரிய மின்சாரமும் அப்படித்தான். நண்பகலில் கொட்டுகிறது, விளக்கேற்றும் நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது. 2012-ல் மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் சிறு தொழில்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. 2024 மே மாதம் தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. கூடங்குளத்தின் இரண்டு உலைகளும், எரிபொருள் மாற்றவும் பராமரிக்கவும் நிறுத்தும் காலம் போக, இரவு பகல் பாராமல் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் தரக்கூடியவை. காற்று ஓய்ந்த கார்த்திகை இரவில் அதன் அருமை தெரியும்.

சுற்றுச்சூழல் கணக்கும் அணுவின் பக்கம்தான். சுரங்கம், கட்டுமானம், கழிவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு யூனிட் அணுமின்சாரத்துக்கு ஏறத்தாழ 12 கிராம் கரியமில வாயு, நிலக்கரிக்கு 820 கிராம் என்று காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழு 2014-ல் மதிப்பிட்டது. இன்று இந்தியாவின் மின்சாரத்தில் அணுவின் பங்கு 3 சதவீதம் அளவுதான். பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியே.

அப்படியானால் சிக்கல் எங்கே? விலையில். ஏழை வீட்டுக்கும் எட்டும் விலையில் அணுமின்சாரம் வருமா என்பதை யுரேனியத்தின் விலை அவ்வளவாகத் தீர்மானிப்பதில்லை. உலையைக் கட்டி முடிக்க எத்தனை ஆண்டு ஆகிறது என்பதே தீர்மானிக்கிறது. வட்டிக்கு வாங்கி வீடு கட்டுகிறவர், குடிபோவது தள்ளிப்போகப் போக இரட்டிப்பாகக் கட்டுவது போல்தான் இதுவும். கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் போட்டது 1988-ல். கட்டுமானம் தொடங்கியது 2002-ல். முதல் உலையின் மின்சாரம் மின்தொகுப்புக்கு வந்தது 2013 அக்டோபரில். கல்பாக்கத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையை, அதாவது இயங்கும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலையை, 2004-ல் கட்டத் தொடங்கினார்கள். அதன் மையப் பகுதியை நிரப்பும் வேலை தொடங்கியதே 2024 மார்ச்சில்தான்.

பிரான்ஸ் நாட்டு பிளமான்வில் உலையின் கதையை உங்கள் மகள் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். 2007-ல் தொடங்கியபோது மதிப்பீடு 330 கோடி யூரோ. உலையிலிருந்து நீராவியைக் கொண்டுபோகும் பெருங்குழாய்கள் பாதுகாப்புக் கட்டடத்தின் சுவரைக் கடக்கும் இடத்தில் எட்டு வெல்டிங் இணைப்புகள் தரம் குறைந்திருந்தன. அந்த எட்டையும் சரிசெய்தே ஆக வேண்டும் என்று 2019-ல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. ஆட்கள் எளிதில் போக முடியாத இடம் அது. அந்த ஆண்டு மதிப்பீடு 1,240 கோடி யூரோவுக்கு ஏறியது. மின்சாரம் வந்தது 2024 டிசம்பரில். தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இவ்வளவு பெரிய உலையை எட்டு இணைப்புகள் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: அணுமின்சாரத்தை மலிவாக்குவது பெரும்பாலும் உலை இயற்பியலாளரின் கையில் இல்லை. முதல் முறையே பிழையில்லாமல் பற்றவைப்பவர், அதைச் சோதித்துக் கையெழுத்திடுபவர், பம்பும் வால்வும் குறித்த நாளில் வந்து சேரத் திட்டமிடுபவர், இவர்களின் கையில் இருக்கிறது. இது மெக்கானிக்கல் பொறியாளரின் வேலை. உங்கள் மகள் சரியான இடத்தைத்தான் பார்க்கிறாள்.

இளநிலையிலேயே 'நியூக்ளியர் இன்ஜினீயரிங்' என்ற பெயரைத் தேடி அதிகக் கட்டணம் கட்டிச் சேர வேண்டாம். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கெமிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன், சிவில் ஆகிய அடிப்படைப் பிரிவுகளில் இருந்துதான் இத்துறைக்குப் பெரும்பாலும் ஆள் எடுக்கிறார்கள். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். வீட்டுக்கும் பக்கம், கட்டணமும் குறைவு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டத்தையும் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் ஆண்டிலிருந்தே, பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வான கேட் (GATE) தேர்வுக்குத் தயாராக வேண்டும். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் இந்திய அணுமின் கழகம் 'எக்ஸிக்யூட்டிவ் டிரெய்னி' எனப்படும் பயிற்சிப் பொறியாளர் வேலைக்கு நேர்காணலுக்கு அழைக்கிறது. பட்டத்தில் 60 சதவீதமாவது இருக்க வேண்டும். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 26. இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டுப் பயிற்சிப் பள்ளி இன்னொரு வாசல். நம் கல்பாக்கத்திலும் அதன் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. டிப்ளமோ, பி.எஸ்சி., ஐ.டி.ஐ. படித்தவர்களையும் பிளஸ் டூ அறிவியல் முடித்தவர்களையும் உதவித்தொகையுடன் பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. உறவில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தால் சொல்லி வையுங்கள்.

உண்மையை மறைக்கக் கூடாது: இடங்கள் குறைவு, போட்டி கடுமை. 2047-க்குள் 100 கிகாவாட் அணுமின் திறன் (ஒரு கிகாவாட் என்பது 1,000 மெகாவாட்) என்ற இலக்கை மத்திய அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இப்போது இருப்பது 9 கிகாவாட்டை ஒட்டித்தான். அந்த இலக்கை முழுதாக எட்டுவோம் என்று நான் நம்பவில்லை. அதை நம்பிப் பிள்ளையின் வாழ்க்கையைத் திட்டமிடவும் வேண்டாம். சூரியனும் காற்றும்தான் முன்னே ஓடும். அணு அவற்றுக்குத் துணையாக நிற்கும். ஆனால் அவள் கற்கும் வெல்டிங் தொழில்நுட்பமும், பொருளைச் சேதப்படுத்தாமல் உட்குறையைக் கண்டுபிடிக்கும் சோதனை முறைகளும் அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, கப்பல் கட்டும் தளம் எங்கும் சோறு போடும். திருச்சியில் பெல் நிறுவனம் அணு உலைகளுக்கான நீராவிக் கலன்களைச் செய்கிறது. வெல்டிங் ஆராய்ச்சிக் கழகமும் அங்கேதான். கல்லூரி விடுமுறைப் பயிற்சிக்கு அவள் தட்ட வேண்டிய கதவுகள் அவை. கம்ப்யூட்டரை அடியோடு விடவும் வேண்டாம். ஒரு நிரல் மொழியை நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும்.

இனி கதிர்வீச்சு. ஒரு தாயும் தந்தையும் கேட்க வேண்டிய கேள்விதான் இது. கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்யும் ஒவ்வொருவரும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, மார்பில் டி.எல்.டி. என்ற சிறு அட்டையை அணிய வேண்டும். அதற்குள் மூன்று சிறு வில்லைகள். உடம்பில் படும் கதிர்வீச்சின் ஆற்றலை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். குறித்த காலத்தில் அட்டையை வாங்கிச் சூடாக்கினால் வில்லைகள் ஒளிவிடும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர்வீச்சு. அவரவர் பெயரில் அது பதிவேட்டில் ஏறும். தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. இயற்கையிலிருந்தே மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. கதிரியக்கத் தாதுவான மோனசைட் மணல் உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அது இன்னும் அதிகம். கருவுற்றதைத் தெரிவித்த பெண் ஊழியரின் வேலையை, கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி மாற்றித் தர வேண்டும் என்பதும் விதி. திருமணம், குழந்தை என்று நீங்கள் தயங்கித் தயங்கி எழுதிய வரிக்கு இதுதான் பதில்.

விபத்து அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. 2011-ல் ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தைப் பார்த்த பிறகு இடிந்தகரையில் மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். கடலை நம்பி வாழ்கிறவர்கள் கடலோர உலையைப் பற்றிக் கேட்டதில் தவறே இல்லை. பயன்படுத்திய எரிபொருளை எங்கே, எத்தனை காலம் வைப்பது என்ற அவர்களின் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. 2004 சுனாமியின்போது கல்பாக்கம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது; அதே அலை ஊழியர் குடியிருப்பில் உயிர்களைக் கொண்டுபோனது. இந்த இரண்டு உண்மைகளையும் உங்கள் மகள் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்த்தவர்களை அறியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு இந்த வேலைக்குப் போகிறவர் நல்ல பொறியாளராக மாட்டார்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கூடங்குளத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டு வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி. அறிவிப்பு அணுமின் கழகத்தின் இணையதளத்தில் வரும். விண்ணப்பத்தையும் அதிலேயே போட வேண்டும். ஒப்பந்ததாரரிடம் கிடைக்கும் வேலை கழகத்தின் நிரந்தர வேலை ஆகாது என்பதையும் மனதில் வையுங்கள்.

விருப்பப் பட்டியலில் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளின் மெக்கானிக்கலை முதலில் போடுங்கள், அடுத்து எலக்ட்ரிக்கல், அதற்குப் பிறகு நீங்கள் விரும்பும் கம்ப்யூட்டர் சயின்ஸ். உறுதி செய்யும் முன் அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். அடுத்த முறை கூப்பிடும்போது போனை அவளிடம் கொடுங்கள். ஏன் இந்த வேலை வேண்டும் என்பதை அவள் வாயால் கேட்க வேண்டும், பக்கத்தில் நீங்களும் இருந்து கேட்க வேண்டும்.