நிரலை எங்கே வைப்பது?

கேள்வி: நாங்கள் மூன்று பேர். டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களில் தட்டச்சு செய்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் நிரல் ஒன்றை எழுதிவருகிறோம். இதுவரை ஜிப் கோப்பாக வாட்ஸப்பில் அனுப்பிக்கொள்கிறோம். இனி கட்டற்ற மென்பொருளாக வெளியிட எண்ணம். நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கருவியாக எது நல்லது, கிட்டா, சப்வெர்ஷனா? கிட் திட்டங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் வைத்தால் ஒரே நிறுவனத்தின் பிடியில் சிக்கிக்கொள்வோமா?

பதில்: முதல் கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், கிட். சப்வெர்ஷன் மட்டமான கருவி என்று சொல்லவில்லை. பெரிய படக் கோப்புகளை ஒருவர் பூட்டிவைத்துத் திருத்தும் இடங்களில் அது இன்றைக்கும் வசதிதான். ஆனால் நாளை உங்களுக்கு உதவ வரும் கல்லூரி மாணவருக்குத் தெரிந்திருப்பது கிட். பைத்தான் மொழித் திட்டம் 2017இல் மெர்க்யூரியல் என்ற இன்னொரு கருவியை விட்டு கிட்டுக்கு வந்துவிட்டது. மெர்க்யூரியலை வைத்தே தொடங்கிய பிட்பக்கெட் தளம்கூட 2020இல் அதைக் கைவிட்டது.

இரண்டாவது கேள்வியில் உங்கள் பயம் பாதி நியாயம். கிட்டில் குளோன் செய்த, அதாவது தன் கணினிக்கு முழுப் பிரதி எடுத்த, ஒவ்வொருவரிடமும் நிரலின் முழு வரலாறும் இருக்கும். தளம் மூடினாலும் நிரல் பிழைத்துக்கொள்ளும். போவது இஷ்யூக்களும் (பயனர்கள் பதியும் பிழைகள், கோரிக்கைகள்), புல் ரிக்வெஸ்ட்டில் (தன் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி ஒருவர் கேட்பது) நடந்த பேச்சும்தான். அவை கிட்டுக்குள் இல்லை, தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. இப்படி நிரல் வைக்க இடம் தந்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. கூகுள் பெயரே உத்தரவாதம் ஆகவில்லை.

உங்கள் விஷயத்தில் இஷ்யூக்கள்தான் சொத்து. ‘இந்தக் கோப்பில் கொம்பு இடம் மாறி வருகிறது’ என்று ஒருவர் மாதிரி அனுப்பினால், அதை அங்கேயே விட்டுவிடாதீர்கள். அனுப்பியவர் சம்மதத்தோடு அந்த வரிகளையும், சரியான யூனிகோடு வடிவத்தையும் சோதனைக் கோப்பாக ரெப்போவுக்குள் (கிட் பார்த்துக்கொள்ளும் உங்கள் நிரல் கிடங்கு) போட்டுவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும்போது எழுதும் கமிட் செய்தியில் பிரச்சினை என்ன, ஏன் இப்படித் திருத்தினோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். ‘பிழை திருத்தம்’ என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் எந்தத் தளத்தையும் விட்டு ஒரு மாலையில் கிளம்பலாம்.

அதனால் கிட்ஹப்பிலேயே தொடங்குங்கள். மாதிரி அனுப்பக்கூடியவர்களில் பலருக்கு அங்கே ஏற்கெனவே கணக்கு இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2018இல் வாங்கிய தளம் என்பது உறுத்தினால், பெர்லினில் பதிவான லாபநோக்கற்ற அமைப்பு நடத்தும் கோட்பெர்க் நல்ல இடம். கட்டற்ற உரிமம் உள்ள திட்டங்களுக்காகவே அது இருக்கிறது. க்னோம், கேடிஇ, டெபியன் போன்ற பெரிய கட்டற்ற திட்டக்காரர்கள் எல்லாம் கிட்ஹப் போன்ற கிட்லேப் மென்பொருளைச் சொந்த சர்வரில் நடத்துகிறார்களே என்பீர்கள். அவர்களிடம் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. மூன்று பேர் அதில் இறங்கினால் நிரல் எழுத நேரம் மிஞ்சாது.

கணக்கை யாருடைய சொந்தப் பெயரிலும் வைக்காமல் குழுவுக்கான ஆர்கனைசேஷனாகத் திறந்து, இரண்டு பேரையாவது உரிமையாளர் ஆக்குங்கள். ஒருவர் வேலை மாறி, பழைய மின்னஞ்சலும் போய்விட்டால் மற்றவர் கையில் சாவி இருக்கும். கோட்பெர்க்கை மாற்றங்களை அனுப்பும் இரண்டாவது புஷ் முகவரியாகச் சேர்த்துக்கொண்டால், ஒரே புஷ்ஷில் இரண்டு இடத்துக்கும் போய்விடும். அப்புறம், உரிமக் கோப்பை முதல் நாளே போடுங்கள். அது இல்லாத நிரலை எல்லோரும் பார்க்கலாம், ஆனால் எடுத்து மாற்றி வெளியிடும் உரிமை யாருக்கும் கிடைக்காது.

தமிழுக்கென்று இரண்டு விஷயம். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் மாறிய கோப்புகளைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையில் \340\256 என்று எண்களாகக் கொட்டும். கோப்பு கெட்டுப்போகவில்லை, கிட்டின் கோர்.கோட்பாத் (core.quotePath) அமைப்பை ஃபால்ஸ் (false) ஆக்கினால் பெயர் தமிழிலேயே தெரியும். இன்னொன்று, டிஸ்கி மாதிரிகளை கிட் சாதாரண உரை என்று எண்ணி, விண்டோஸில் வரிமுடிவுக் குறிகளை மாற்றிவிடக்கூடும். ஒரு பைட் மாறினாலும் உங்கள் சோதனை தோற்கும். கிட்அட்ரிபியூட்ஸ் (.gitattributes) கோப்பில் அந்த மாதிரிகளின் ஃபோல்டரை பைனரி (binary, அதாவது உரை அல்லாதது) என்று குறித்துவிட்டு முதல் கமிட்டைச் செய்யுங்கள்.