ரெண்டாவது லெப்ரடோர் வாங்கலாமா?

கேள்வி: எங்கட லெப்ரடோருக்கு நாலு வயசு, டம்மியை (பழக்கிறதுக்கு எறியிற பொதி) எறிஞ்சா எடுத்துவந்து கையிலயே தருவான். இன்னொரு குட்டி எடுத்தா இவனைப் பார்த்தே பழகிடும் தானே?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: எடுங்கோ அக்கா, ஆனா அவன் பழக்குவான் எண்டு மட்டும் விட்டிடாதீங்கோ. ரெண்டும் நாள் முழுக்க ஒண்டாத் திரிஞ்சா குட்டி அவனுக்குப் பின்னாலதான் ஓடும், உங்கட விசிலைக் கேக்காது. தனித்தனியாப் பழக்குங்கோ, பிறகு ஒண்டு டம்மி எடுக்கப் போகேக்க மற்றது சத்தம் போடாம குந்திக்கொண்டு இருக்கோணும், கன்டோக் (வேட்டையில சுட்டதை எடுத்துவாற நாய்) வேலையில அதுதான் பெரிய விசயம். பல்லு மாறுற 4-6 மாசத்தில டம்மி குடுக்காதீங்கோ, முரசு நொந்தா அதையே வெறுத்திடும் பாவம். இடுப்பு மூட்டு வருத்தம் பரம்பரையா வரலாம், அதால வாங்கமுதல் குட்டியின்ர தாய் தகப்பன்ட இடுப்பு எக்ஸ்ரேயைக் கட்டாயம் கேளுங்கோ. கொழும்பு வெயிலுக்குப் பழக்க விடியக்காலமைதான் சரி.